இருபத்திரண்டு நாளாக வராத டிக்கெட்

அத்தியாயம் 19

போன வாரம் மீரா பீவியை நாம் விட்டுவிட்டு வந்தது ஜோகூர் பாரு பக்கத்து உலு திராமில், அவள் வீட்டுச் சமையலறை மேசையில், லெவல் 2140-இன் வாசலில். கையில் ஒரே ஒரு டிக்கெட். யார் அதிக லெவல் தாண்டியவர் என்ற லீக் பட்டியல் வாராவாரம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு முடிவாகும். தாண்டினாளா இல்லையா என்றுதானே கேட்கிறீர்கள்? தாண்டிவிட்டாள். அந்தக் கொடுமையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது போனில் பழம் உடைக்கும் விளையாட்டு. ஒரே பழம் மூன்று வரிசையாகச் சேர்ந்தால் உடையும். நடுநடுவே டுரியான் வந்து வழியை மறிக்கும். தோற்றால் ஒரு டிக்கெட் போகும். ஐந்தும் தீர்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அல்லது அதே விளையாட்டில் இருக்கும் சொந்தபந்தம் யாராவது ஒரு டிக்கெட் அனுப்ப வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா என்று மீராவைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், முதலில் அவரைக் கேளுங்கள்.

இந்தப் பைத்தியத்தை அவளுக்கு ஏற்றிவிட்டவள் பஸீலா. மீராவின் கணவர் சுல்தானின் ஒரே தங்கை. தன் ஊரான கோத்தா திங்கியில் வெள்ளம் ஏறிய வருஷம், பஸீலா கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் தங்கினாள். வெளியே மழை கொட்ட, நாத்தனாரும் மச்சியும் ஒரே பாயில் படுத்து ஒரே போனில் விளையாடினார்கள். அண்ணன் மனைவியை அந்த வீட்டில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பஸீலாவுக்குப் பதினோரு வயதில் தலை பின்னிவிட்ட மச்சி இவள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதும் உங்களுக்குத் தெரியும். பஸீலாவின் மகன் சயீதுக்கும் மீராவின் மகள் ஆப்ரினுக்கும் நிக்காஹ் தேதி குறிக்க உட்கார்ந்த நாள். சபை நிறைய ஆட்கள். பஸீலா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க மச்சி ஒரு லெவல்ல மாட்டிக்கிட்டா போனை என் பிள்ளைகிட்டதான் நீட்டுவாங்க. மாப்பிள்ளை இப்பவே மாமியாருக்கு வேலை பார்க்கிறான்லா!" எல்லாரும் சிரித்தார்கள். மீராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாய் முந்திக்கொண்டது. "வேலை போன பிள்ளைக்கு வேற என்ன வேலை?" என்றாள்.

அந்த மாதம்தான் சயீதுக்கு வேலை போயிருந்தது. அது அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

தேதி குறிக்காமலே எழுந்தார்கள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது, பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நிற்கவில்லை. தினமும் விடியற்காலை சுபுஹு தொழுது முடித்துப் போனை எடுத்தால் மீராவுக்கு ஒரு டிக்கெட் வந்து காத்திருக்கும். அனுப்பியவர், பஸீலா. மீரா அதை வாங்கிக்கொள்வாள். பக்கத்திலேயே 'திருப்பி அனுப்பு' என்று ஒரு பொத்தான் பச்சையாக மின்னும். அதை மட்டும் தொடமாட்டாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் அந்த டிக்கெட் வரவில்லை.

* * *

ஞாயிறு காலை எட்டு ஆக ஐந்து நிமிஷம். சுல்தான் விடியற்காலையே தன் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஆப்ரின் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், சிங்கப்பூர் தொழிற்சாலையில் மூன்று வாரமாக ஓவர் டைம் என்று ராத்திரி பத்தரைக்குத்தான் வீடு திரும்புகிறாள். ஞாயிறு ஒரு நாளாவது தூங்கட்டும் என்று மீரா ரேடியோவைக்கூடப் போடவில்லை.

இரண்டு நகர்த்தல் பாக்கி. மூலையில் ஒற்றை டுரியான். மீரா பிஸ்மி சொல்லி ஒரு மங்குஸ்தீனை இடப்பக்கம் தள்ளினாள். மூன்று உடைந்தது. அது உடைந்த வேகத்தில் மேலிருந்து ரம்புத்தான் சரிந்து, அதுவும் மூன்றாகச் சேர்ந்து, டுரியான் படாரென்று போயிற்று. திரை முழுக்கப் பொன்னிறம். அவள் பெயர் பட்டியலில் ஒரு படி ஏறி, பஸீலாவின் பெயரைக் கீழே தள்ளிவிட்டு உச்சியில் போய் உட்கார்ந்தது.

ஆறு வருஷத்தில் முதல் முறை!

மீரா உட்கார்ந்த இடத்திலேயே கை தட்டினாள். தட்டிவிட்டு யாரிடம் சொல்வது என்று பார்த்தாள். கணவரிடம் சொன்னால் "ம்" என்பார். மகளை எழுப்ப முடியாது. இந்த லெவலில் எத்தனை டுரியான், அது எவ்வளவு பெரிய இம்சை, கடைசி இரண்டு நகர்த்தலில் ரம்புத்தான் சரிந்து விழுவது எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் என்பதெல்லாம் புரிகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளோடுதான் பேச்சில்லையே.

அப்போதுதான் அந்த எரிச்சல் திரும்பவும் வந்தது. இருபத்திரண்டு நாளாக டிக்கெட் இல்லை. ஆளும் ஒரு லெவல்கூட நகரவில்லை. ஜெயிக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறாளா? எனக்கென்ன பிச்சையா போடுகிறாள்?

மீரா திரையைப் படம் பிடித்தாள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குரூப். கீழே ஒரு வரியும் எழுதினாள்.

"அல்ஹம்துலில்லாஹ், முதலிடம்! இருபத்திரண்டு நாளா சாம்பியனைக் காணோமே. படுத்துட்டாங்களா?"

மணி எட்டு ஐந்து.

டீ கலக்கி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். வழக்கமாக இந்தக் குரூப்பில் யாராவது பூப்படம் போட்டால்கூடப் பத்து பேர் கை கூப்புவார்கள். இன்றைக்கு ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. படித்தவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. யாரோ ஒரு சின்னப் பெண் சிரிக்கிற முகம் போட்டாள். போட்ட கையோடு அதை எடுத்தும் விட்டாள்.

போன் அடித்தது. சுல்தான்.

"மீரா, அந்த மெசேஜை எடு."

"ஏன், என்ன போட்டுட்டேன் இப்ப? விளையாட்டுக்குத்தானே..."

"எடுன்னா எடு!" பின்னால் கல்லில் பரோட்டா அடிக்கிற சத்தம் கேட்டது. அவர் அந்தச் சத்தத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார். குரல் இறங்கியது. "பஸீலா படுத்துதான் கெடக்குறா. கண்ணு ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள் ஆச்சு."

மீராவுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. "எந்தக் கண்ணு?"

"இடது கண்ணு. சுகர். உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, பின்னால இருக்கிற திரை கிழிஞ்சு போச்சாம். வலது கண்ணுலதான் ஏற்கனவே பாதிப் பார்வைன்னு உனக்குத் தெரியுமே. இதுவும் போனா ரெண்டும் போச்சு. செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்."

"எப்ப ஆச்சு இது?"

"மூணு வாரமாச்சு. இருபத்திரண்டு நாளு," என்றார் சுல்தான்.

கையில் டீ இருந்ததை மறந்து மீரா எழுந்தாள். அது மேசையெல்லாம் கொட்டியது. "என்கிட்ட ஏன் சொல்லல? உங்க தங்கச்சிங்க அவ! எனக்கு அவ யாருமில்லையா?"

"அவதான் வேணாம்னா. மச்சிக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. குரூப்ல எல்லாருக்கும் தெரியும். முதல்ல நீ அதை எடு."

நாற்பத்து இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பத்து மூன்றாவது ஆள் மீரா.

மெசேஜை அழுத்திப் பிடித்தாள். இரண்டு பொத்தான் வந்தது. எது என்று நிதானமாகப் படிக்கிற நிலையிலா இருந்தாள்? தட்டிவிட்டாள். படம் மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

மகள் அறைக் கதவைத் திறந்துகொண்டு போனோடு வந்தாள். தலை கலைந்திருந்தது. "உம்மா, என்ன இது, குரூப்ல?"

"எடுத்துட்டேன்மா, எடுத்துட்டேன்."

"எங்க எடுத்தீங்க? இன்னும் இருக்கே." ஆப்ரின் தாயின் போனை வாங்கிப் பார்த்தாள். "அலமாக்! டிலீட் ஃபார் மீ தட்டிட்டீங்க. உங்க போன்ல மட்டும்தான் போச்சு. மத்தவங்க எல்லாருக்கும் இருக்கு. இனிமே எடுக்கவும் முடியாது."

எழுதினவள் கண்ணுக்கு மட்டும் தெரியாமல், மிச்சம் நாற்பத்து இரண்டு பேர் கண்ணுக்கும் அது பளிச்சென்று நின்றது. மீரா துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டாள்.

"வண்டியை எடு. கோத்தா திங்கிக்குப் போகணும்."

* * *

பாதையின் இரு பக்கமும் செம்பனைத் தோட்டம் வந்துகொண்டே இருந்தது. மீரா வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். பாதி வழியில்தான் அதைக் கவனித்தாள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவள் மனது வேறொரு நாளில் நின்றது. டிக்கெட் வராத முதல் நாள். அன்று காலை போனைத் தூக்கிக்கொண்டு போய்க் கணவரிடம் காட்டினாள். "பாருங்க உங்க தங்கச்சியை. டிக்கெட் அனுப்புறதையும் நிறுத்திட்டா. என்னா திமிரு பாருங்க!" சுல்தான் அந்தத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆட்டு இறைச்சி நல்லதாகக் கிடைக்கிறது என்று ஜோகூர் பாருவுக்கு இரண்டு தடவை போனாரே, அது ஆஸ்பத்திரிக்குத்தான்.

பதினான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் வந்த டிக்கெட். காய்ச்சல் நாளிலும் வந்தது, பெருநாள் காலையிலும் வந்தது. அது ஒரு நாள் நின்றால், அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தோன்ற வேண்டாமா? தெரு நாய் ஒரு நாள் வரவில்லை என்றாலே எங்கே என்று கேட்கிறோம். மீராவுக்குத் தோன்றியது திமிர் என்ற ஒரே வார்த்தைதான். ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம். ஏன் அனுப்பலை என்று சண்டை போடவாவது போட்டிருக்கலாம்.

"ஆப்ரின், அவளால போன் பார்க்க முடியாதுல்ல?"

"முடியாதும்மா. கண்ணுக்குள்ள காத்து மாதிரி ஏதோ வச்சிருக்காங்க. அது பின்னால போய் ஒட்டி நிக்கணும்னா குப்புறதான் படுக்கணும். சாப்பிடறப்பவும் தலை குனிஞ்சேதான் இருக்கணும். போன் டிவி ஒண்ணும் கிடையாது."

"அப்படின்னா இன்னும் பார்த்திருக்க மாட்டா." மீராவின் குரலில் உயிர் வந்தது. "போனவுடனே அவ போனை வாங்கி, அதுல அழிச்சிடலாம். டிலீட் ஃபார் மீ. அவளுக்குத் தெரியவே வேணாம்."

ஆப்ரின் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "உம்மா, முதல்ல மாமியைப் பாருங்க. போனை அப்புறம் பார்க்கலாம்."

மீராவுக்கு வெட்கமாக இருந்தது. ஒருத்திக்குக் கண் போய்விடுமோ என்று இருக்கிறது, இன்னொருத்தி அவளுக்குக் கண் தெரியாததில் நிம்மதி தேடுகிறாள். இதைவிடக் கேவலம் உண்டா? இருந்தாலும் அந்த நிம்மதியை விட மனது வரவில்லை. வண்டி ஆற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நீ எப்படி இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க? காத்து, குப்புறப் படுக்குறது?"

"வாப்பா சொன்னாங்க," என்றாள் ஆப்ரின் சட்டென்று.

* * *

கதவைத் திறந்தவர் பஸீலாவின் கணவர் அப்துல் பாசித். மூக்கு நுனியில் வாசிக்கிற கண்ணாடி, கையில் மனைவியின் போன். மீராவைப் பார்த்ததும் அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"வாங்க லாத்தா," என்று அக்கா முறையில் கூப்பிட்டார். முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

மீராவின் கண் அந்தப் போன் மேலேயே இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "குரூப்ல வந்தது... அவளுக்குத் தெரியாதுல்ல?"

பாசித் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "காலையில பசியாறுனதும் குரூப்பை நாந்தான் வாசிச்சுக் காட்டுவேன் லாத்தா. யாரு வீட்டுல கல்யாணம், யாரு மவுத்து, எல்லாம். படுத்துக் கெடக்கிறவளுக்குப் பொழுது போகணுமே. இன்னிக்கும் வரிசையா வாசிச்சுக்கிட்டே வந்தேன். வேகத்துல அதையும் வாசிச்சிட்டேன்."

"முழுசாவா?"

"சாம்பியனைக் காணோமேங்கிறது வரைக்கும் வந்துதான் நிறுத்தினேன். மிச்சத்தை அவளே கேட்டு வாங்கிட்டா."

 மீரா எழுதியதை இந்த மனிதர் தன் வாயால், தன் மனைவிக்கு, தானே வாசித்துக் காட்டியிருக்கிறார். யா அல்லாஹ்.

முன் கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். பஸீலா குப்புறக் கிடந்தாள். இரண்டு தலையணைக்கு நடுவில் இடைவெளி விட்டு, அதில் முகத்தை இறக்கி வைத்திருந்தாள். தெரிந்தது பின்னந்தலை மட்டும்தான். அந்தத் தலைமுடியை மீராவுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை நாள் எண்ணெய் வைத்துப் பின்னியிருக்கிறாள். இப்போது பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"யாரு, மச்சியா?" தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூச்சு வாங்குறதுலயே தெரியுது."

மீரா தரையில் உட்கார்ந்தாள். அப்படியும் முகம் தெரியவில்லை. குனிந்தாள். கடைசியில் சிமெண்டுத் தரையில் கையை ஊன்றி, தலையைச் சாய்த்துப் படுத்தே விட்டாள். அப்போதுதான் தெரிந்தது. இடது கண்மேல் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் மூடி, ஒட்டுத்தாள். வலது கண் திறந்துதான் இருந்தது. அது மீராவைத் தேடியது, ஆனால் சரியான இடத்துக்கு வரவில்லை.

"முதலிடம் வந்தாச்சாமே. முபாரக்."

"பஸீலா, எனக்குத் தெரியாதும்மா. அல்லா மேல ஆணையா தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படி எழுதுவேனா?"

"தெரியக் கூடாதுன்னுதானே சொல்லி வச்சேன்."

"ஏன் அப்படிச் செஞ்ச? நான் உனக்கு யாரோவா?"

பஸீலா கையால் தலையணையை நெற்றிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். 

"சொன்னா வருவீங்க. இப்ப மாதிரிக் கீழே உக்காந்து அழுவீங்க. நான் மன்னிச்சே ஆகணும். படுத்துக்கிட்டு மன்னிக்கிறதுல எனக்கு இஷ்டமில்ல மச்சி. எழுந்து உக்காந்து, உங்க மூஞ்சியைப் பார்த்து, என் பிள்ளையை அத்தனை பேர் முன்னால அப்படிச் சொல்லிட்டீங்களேன்னு கேட்டுச் சண்டை போடணும்னு இருந்தேன். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"இப்பவே போடு. திட்டு என்னை."

"போங்க மச்சி. தலையணையைப் பார்த்துச் சண்டை போடுறது ஒரு சண்டையா?"

சொன்ன விதம் பழைய பஸீலாதான். மீராவுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்து அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினாள். "டிக்கெட் நின்னப்பவே நான் கேட்டிருக்கணும். முதல் நாளே கேட்டிருக்கணும். நீ வேணும்னு நிறுத்திட்டேன்னு நினைச்சேன்."

"வேணும்னு ஏன் நிறுத்துறேன்? கோவம் கோவம்தான். அதுக்காக உங்க ஆட்டம் நிக்கலாமா? ஒரு நாள் டிக்கெட் இல்லேன்னா நீங்க என்ன பாடுபடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?" பஸீலா விரலால் விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "நானும் தினம் பார்ப்பேன். ஒண்ணாவது திரும்பி வருதான்னு. உங்களுக்கு அந்தப் பொத்தான் எங்க இருக்குன்னே தெரியலைபோலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பொத்தான் எங்கே இருக்கிறது என்று மீராவுக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு மாதமாகத் தினமும் பார்த்த பொத்தான்.

அவள் தரையிலிருந்து எழவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். விளையாட்டைத் திறந்தாள். உச்சியில் தன் பெயர், அதற்குக் கீழே பஸீலாவின் பெயர். அந்தப் பெயரைத் தொட்டு, பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.

பாசித்தின் கையில் இருந்த போன் 'டிங்' என்றது.

பஸீலாவின் தலை அசைந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? "ஏங்க, கேம்ல என்னமோ வந்திருக்கு. யாரு?"

பாசித் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரூப்பை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். "மீரா பீவி உங்களுக்கு ஒரு டிக்கெட் அனுப்பியுள்ளார்."

பாசித் விரலைத் திரைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். 

"வாங்கிடவா?" என்றார் பாசித்.

"வேணாம்," என்றாள் பஸீலா. "தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். கண்ணு தெரிஞ்சா நானே பார்த்து வாங்கிக்கிறேன். தெரியலேன்னா எனக்கு எதுக்கு அது?"

வாங்காத டிக்கெட் மூன்று நாளில் தானாக அழிந்துவிடும். அந்த விளையாட்டின் விதி அது. மீராவுக்கும் தெரியும், பஸீலாவுக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்க்கிறார். புதன்கிழமை இந்த நேரத்துக்கு டிக்கெட் இருக்காது. மீரா தன் பெயரைப் பார்த்தாள். பஸீலாவுக்கு மேலே, முதலிடத்தில் நின்றது. கை தட்டினோமே என்று நினைத்தபோது அந்தக் கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மணி பத்தாகப் போகுதா?" என்றாள் பஸீலா. "ஆப்ரின், மருந்து."

"இதோ மாமி."

ஆப்ரின் நேரே சமையல்கட்டுக்குப் போனாள். ஐஸ் பெட்டியைத் திறந்தாள். கதவில் முட்டை வைக்கிற தட்டுக்குப் பின்னால் கைவிட்டு இரண்டு சின்னப் புட்டிகளை எடுத்தாள். யாரையும் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. வந்து கை கழுவினாள், துடைத்தாள், கட்டிலுக்குக் கீழே இருந்த முக்காலியைக் காலாலேயே இழுத்து உட்கார்ந்தாள். பஸீலாவும் சொல்லாமலே தலையைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள். ஆப்ரின் கண்மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியை விலக்கி, வெள்ளை மூடிப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் நேரம் விட்டாள். அப்புறம் சிவப்பு மூடிப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு.

மீரா தரையில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் பார்த்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

ஆப்ரின் புட்டியை மூடினாள். தாயைப் பார்க்கவில்லை.

"இருபத்திரண்டு நாளா, உம்மா."

ஓவர் டைம். மூன்று வாரமாக ராத்திரி பத்தரை மணிக்கு வீடு திரும்பிய ஓவர் டைம். களைத்து வருகிற பிள்ளைக்குச் சாப்பாட்டைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பழம் உடைத்துக்கொண்டிருந்தாள் மீரா. பிள்ளை எங்கிருந்து வருகிறாள் என்று அந்தத் திரையிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பார்க்கவில்லை.

"அவளைத் திட்டாதீங்க மச்சி," என்றாள் பஸீலா தலையணைக்குள்ளிருந்து. "இன்னொண்ணும் இருக்கு. அதை அவளே சொல்லட்டும்."

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு யாரோ ஹெல்மெட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஆப்ரின் மருந்துப் புட்டியை மடியில் வைத்துவிட்டு, தலைத்துணியின் ஓரத்தை மெதுவாகச் சரிசெய்துகொண்டாள்.

மீராவுக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. இந்த வீட்டில் உட்கார்ந்து எந்தக் கேள்வியை, எந்த வாயால் கேட்பது? சயீத் உள்ளே நுழைந்து, தரையில் இருந்த அவளைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டான்.